படத்தில் இருந்தவளை யாரும் கேட்கவில்லை

நீங்கள் இப்போது விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிற படங்கள் அன்றைக்கு அவ்வளவு சுலபமாக வராது. மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இறங்கும். பாதியில் நின்றுவிடும். படம் முழுசாக வந்து சேருவதற்குள் நான் டீ சொல்லி, டீ வந்து, அது ஆறியும் போயிருக்கும். அந்த நேரமெல்லாம் என் திருப்பூர் அலுவலக ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எதிர்க் கட்டடத்தில் தையல் மிஷின்கள் ஒரே சுதியில் ஓடும். வெயிலில் பஞ்சுத் தூசு மிதக்கும். கீழே இறங்குகிறதா மேலே போகிறதா என்று சொல்லவே முடியாது. கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே எனக்குக் கண்ணைத் திறந்துகொண்டு தூங்குகிறவள் என்று பெயர். அதில் பொய்யொன்றும் இல்லை.

இணையத்தில் பெயர் கெட்டுப்போனவர்களின் சண்டையைப் பேசித் தீர்க்கிற வேலைக்கு நீங்கள் வந்திருக்கிறீர்கள். சட்டப் பிரிவுகளை என்னைவிட நன்றாகவே படித்திருப்பீர்கள், அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். இரண்டு தரப்பும் முழுமனதோடு ஒத்துக்கொண்ட ஒரு சமரசத்தை நானே குறுக்கே விழுந்து தடுத்த ஒரு நாள் உண்டு. நம் தொழிலில் யாரும் செய்யக்கூடாத காரியம் அது. அதை மட்டும் சொல்கிறேன், நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பூங்கொடி என்று ஒரு பெண்மணி. குன்னத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். முதலிபாளையத்தில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்திவந்தார். கணவர் கட்டிங் பார்ப்பார், மற்றதெல்லாம் இந்த அம்மாதான். நம் கொங்குநாட்டுக் கோபத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். வெட்டிப்போடுகிற ஆத்திரத்திலும் மரியாதை குறையாது. மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு என் எதிரில் உட்கார்ந்தார்.

"வக்கீலம்மா, ஒரு புள்ளை என்னைய நாசம் பண்ணிப்போட்டாளுங்க. அவிங்கள ஜெயில்ல போடோணுமுங்க."

நாசம் பண்ணினவளுக்கும் 'அவிங்க'! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சொன்ன முகவரியைக் கம்ப்யூட்டரில் அடித்தேன். ஒரு வலைப்பூ. படம் மெதுவாக இறங்க ஆரம்பித்தது.

முதலில் ஒரு டியூப் லைட். பிறகு பூங்கொடியின் கம்பெனிப் பெயர் எழுதிய பலகை, அது தெளிவாகவே தெரிந்தது. பிறகு ரிப்பன் கட்டிய ஒரு சின்னத் தலை. பிறகு முகம். ஆறு வயதோ ஏழு வயதோ இருக்கும் ஒரு பெண் குழந்தை ரோஸ் கலர் கவுன் போட்டுத் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் துணி மேல் இருந்தன. கடைசியில் மிஷினின் தலை வந்தது. அதில் சந்தனமும் குங்குமமும்.

படத்துக்குக் கீழே எழுதியிருந்தது: நீங்கள் போட்டிருக்கும் பனியனை இந்தக் கைகள்தான் தைத்தன.

நம் ஊர்க்காரர் யாரும் அந்தச் சந்தனத்தைப் பார்த்ததுமே சொல்லிவிடுவார்கள், அது ஆயுத பூஜை அன்று எடுத்த படம் என்று. அன்றைக்கு மிஷினைத் துடைத்துப் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலையெல்லாம் கொடுப்பார்கள். வேலை செய்கிறவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்குப் புதுத்துணி போட்டுக் கூட்டிவருவார்கள். அப்பா வேலை செய்கிற மிஷினில் பிள்ளையை உட்காரவைத்து ஒரு போட்டோ எடுக்காமல் யாரும் வீடு திரும்புவதில்லை. இந்து, கிறிஸ்தவர் என்ற பேதமெல்லாம் அந்த ஆசைக்குக் கிடையாது.

இந்தக் குழந்தையின் அப்பா அருள்ராஜ், சாத்தான்குளம் பக்கத்துக் கிறிஸ்தவர். பூங்கொடியின் கம்பெனியில் டெய்லர். துபாயில் இருக்கும் மச்சான் கேட்டாரென்று பிரவுசிங் சென்டரில் கொடுத்து, நண்பர்களைச் சேர்த்துக்கொள்ளும் ஒரு தளத்தில் படத்தைப் போட்டிருக்கிறார். "எங்க கம்பெனியின் புது டெய்லர்" என்று தமாஷாக ஒரு வரியும் சேர்த்திருக்கிறார். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது அவருக்குத் தெரியாது. பெங்களூரில் வேலை பார்த்த வித்யா என்ற பெண் அதைப் பார்த்திருக்கிறாள். அவள் பூஜையைப் பார்க்கவில்லை, குழந்தையைத்தான் பார்த்தாள். வலைப்பூவில் எழுதிவிட்டாள். அங்கிருந்து யாரோ ஆங்கிலத்தில் மாற்றிப் பரப்ப, கடல் தாண்டிப் போய், பூங்கொடியிடம் துணி வாங்கும் கம்பெனியின் மேஜைக்கே சேர்ந்துவிட்டது. ஆர்டர் நின்றது.

வித்யாவைத் தொலைபேசியில் பிடித்தேன். நம் பக்கத்துக் கணியூர்ப் பெண். ஆயுத பூஜை என்று நான் சொன்னதும் அவள் சும்மா இருக்கவில்லை.

"மேடம், நானும் இந்த ஊர்க்காரிதானுங்க. பூஜைக்கு வெச்ச பொட்டு தீபாவளி வரைக்கும் மிஷின்ல அப்படியே இருக்கும். அது அன்னிக்குத்தான் எடுத்ததுங்கறதுக்கு என்னங்க ஆதாரம்?"

சரியான கேள்வி. அவள் மேலும் சொன்னாள்: "என்கூட ஏழாவது படிச்ச ஒருத்தி லீவுக்கு திருப்பூர் போனா. அப்புறம் ஸ்கூலுக்கே வரலீங்க. டீச்சர் அட்டெண்டன்ஸ்ல அவ பேர ரொம்ப நாள் கூப்பிட்டுட்டே இருந்தாங்க."

அந்த வருடங்களில் நம் ஊரில் எந்தக் குழந்தையும் வேலை செய்யவில்லை என்று நான் சொன்னால் நீங்களே நம்பமாட்டீர்கள். அவள் எழுதியது இந்தப் படத்தைப் பொறுத்தவரை தவறு. ஆனால் அவள் எதை நினைத்து எழுதினாளோ அது பொய்யில்லை. நம்மிடம் வருகிற வழக்குகளில் பாதி இப்படித்தான் இருக்கும், பழகிக்கொள்ளுங்கள்.

எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்த நாள் தீபாவளிக்குப் பிந்திய வாரத்தில் வந்தது. அந்த வாரத்தைத் திருப்பூரில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். தெற்கத்திக்காரர்கள் ஊருக்குப் போய்த் திரும்பியிருக்கமாட்டார்கள். மிஷின்கள் ஓடாது. தெருவில் டெம்போ இல்லை, டீக்கடையில் கூட்டம் இல்லை. தூறல் ஒன்று விழுந்துகொண்டே இருந்தது. ஊரே கண்ணை மூடிப் படுத்திருக்க, நாங்கள் மட்டும் அதன் கனவுக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது போலிருந்தது எனக்கு. எதிர்க் கட்டடத்தின் சத்தம் இல்லாததால் பேசுகிறவர்கள் தங்கள் குரலைக் கேட்டுத் தாங்களே திடுக்கிட்டார்கள்.

பூங்கொடி வந்திருந்தார், கையில் போலீஸுக்குக் கொடுக்கத் தயாரான புகாரோடு. வித்யா பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள்; நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண், செருப்பெல்லாம் சேறு. வெளிநாட்டுக் கம்பெனிக்காக இங்கே துணி வாங்கிக் கொடுக்கும் பையிங் ஆபீஸிலிருந்து ஒரு மேனேஜரும் வந்திருந்தார். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். அன்று சாயங்காலத்துக்குள் அவர் ஒரு பதில் அனுப்பியாக வேண்டும்.

"கம்பெனியைப் போய்ப் பார்த்தால் முடிந்துவிடும்," என்றார் அவர். "ஆனால் இப்போது அங்கே பார்க்க யார் இருக்கிறார்கள்? ஆட்களே இல்லை. காலி மிஷின்களைப் படம் பிடித்து அனுப்பினால் சிரிப்பார்கள்."

அவரே ஒரு வழியும் சொன்னார். அந்தக் குழந்தையை இன்று மதியம் கூட்டிவரட்டும். அதே ரோஸ் கவுன், பள்ளிக்கூடச் சான்றிதழ், பக்கத்தில் அப்பா. ஒரு படம். பெயர், வகுப்பு, பள்ளியின் பெயர் எல்லாம் எழுதிக் கம்பெனியின் இணையப் பக்கத்தில் போட்டுவிடலாம். வித்யாவும் தன் வலைப்பூவில் அதையே போட்டு மன்னிப்புக் கேட்கட்டும்.

"பாத்தா நம்பிருவேனுங்க," என்றாள் வித்யா. "பழைய படத்த எடுத்துட்டு, மன்னிப்பும் எழுதறேன்."

பூங்கொடி புகாரை மடித்துப் பைக்குள் வைத்தார். "அப்படின்னா கேசே வேண்டாமுங்க. எனக்கென்ன இவிங்க மேல பகையா?"

பாருங்கள், அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. மூன்று பேருக்கும் திருப்தி. இப்படியொரு சமரசம் அமைவது மத்தியஸ்தருக்குப் பெரும் பாக்கியம். நான் பேனாவைத் திறந்துவிட்டேன், இரண்டு வரி எழுதியும் விட்டேன்.

அப்போது ஜன்னல் பக்கம் பார்த்தேன், வழக்கமான பராக்குத்தான். கீழே, படிக்கட்டின் ஓரத்தில், தூறலுக்கு ஒதுங்கி ஓர் ஆள் நின்றிருந்தார். அருள்ராஜ். கிறிஸ்தவர் என்பதால் தீபாவளிக்கு ஊருக்குப் போகாமல் இருந்தவர். முதல் நாளே பூங்கொடி அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார், பிள்ளையோடு வா என்று. அவர் தனியாக வந்திருந்தார். மேலே ஏறாமல் நின்றுகொண்டிருந்தார்.

நான் இறங்கிப் போனேன். "ஏன் மேலே வரவில்லை?" என்றேன்.

"வந்தா முடியாதுன்னு சொல்லணும்லாம்மா," என்றார். "அந்தம்மா எனக்குச் சோறு போட்டவங்க. அவங்க மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்ல?"

"ஏன் முடியாது?"

"ஒரு படத்தப் போட்டதுல வந்த வென இது. இன்னொரு படத்தப் போட்டாத் தீந்துருமாக்கும்? பள்ளிக்கூடத்துல பிள்ளைய வேலக்காரி வேலக்காரின்னு கூப்பிடுதானுவ. ஒரு பெரிய பையன் கம்ப்யூட்டர்ல பாத்துட்டு வந்து சொல்லிருக்கான். தீபாவளி லீவு முடிஞ்சும் போவ மாட்டேங்கா. நேத்து எங்கிட்ட கேக்கா, 'அப்பா, நான் தூக்கத்துல எந்திச்சு வேலைக்குப் போயிட்டேனாப்பா?'ன்னு. கம்ப்யூட்டர்ல இருக்குல்லா, அப்பப் போயிருப்போம்னு நெனைக்கா. நான் என்னத்தச் சொல்ல?"

இத்தனை பேர் இத்தனை நாளாகப் பேசுகிறோம். பூங்கொடிக்குக் கம்பெனியின் பெயர் கெட்டது, வித்யாவுக்குத் தான் நம்பிய நியாயம், மேனேஜருக்குச் சாயங்காலத்துப் பதில். படத்தில் இருப்பது யாருடைய முகம்? அந்த முகத்துக்காரிக்கு என்ன வேண்டும் என்று நான் உள்பட ஒருத்தரும் கேட்கவில்லை. இப்போது அவளுடைய பெயரையும் வகுப்பையும் பள்ளியையும் சேர்த்து உலகத்துக்கே காட்டி, அதைச் சமரசம் என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

அவரையும் அழைத்துக்கொண்டு மேலே போனேன். எழுதிய காகிதத்தைக் கிழித்தேன்.

"குழந்தை வராது," என்றேன். "வேறு வழி பேசலாம்."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். பூங்கொடிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏனுங்க வக்கீலம்மா, எல்லாரும் சரீன்னு சொல்லிப்போட்டோமுங்க. நீங்க யாருக்குப் பேசறீங்க?"

"படத்தில் இருக்கிறவளுக்கு."

மத்தியஸ்தர் யார் பக்கமும் சாயக்கூடாது என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். சரியான பாடம்தான். ஆனால் அந்த அறைக்குள் இல்லாத ஓர் ஆளின் தலையில் கைவைத்து உள்ளே இருப்பவர்கள் கைகுலுக்கிக்கொண்டால், அதைப் பார்த்துக்கொண்டு நடுநிலைமை என்று சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. இன்றைக்கும் முடியாது.

வித்யா அருள்ராஜை நிமிர்ந்து பார்த்தாள். "பாப்பாவ ஒரு தடவ நான் மட்டும் பாத்துக்கறேனுங்க. போட்டோ வேண்டாம்."

அருள்ராஜ் அவளுக்கு எதிரில் உட்காரவில்லை, நின்றபடியே கேட்டார். "பிள்ள பேரு உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாதுங்க."

"எந்தப் பள்ளிக்கூடம்னு தெரியுமா?"

"இல்லீங்க."

"அது தெரியாமத்தான எழுதுனீங்க? அப்ப இனிமேலும் தெரியாமலே இருக்கட்டும்."

சத்தம் போட்டெல்லாம் சொல்லவில்லை. கெஞ்சுவது மாதிரியேதான் சொன்னார். பிறகு, குழந்தை கேட்ட கேள்வியை அவளிடமும் சொன்னார். தூக்கத்தில் எழுந்து வேலைக்குப் போனேனா என்று கேட்டதை. மழை கொஞ்சம் வலுத்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த நேரத்தை நினைத்தால் அது நடந்ததா, நான் வழக்கம்போல் ஜன்னலோரத்தில் கண்டதா என்று ஒரு மயக்கம் வருகிறது. ஆனால் வித்யா முகத்தைத் துப்பட்டாவால் துடைத்ததும், எழுந்து என் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்ததும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. இணைப்பு கிடைக்க நேரமாயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை. கிடைத்ததும் வலைப்பூவிலிருந்து படத்தை நீக்கினாள்.

நீக்கிய பிறகுதான் அசல் சண்டை வந்தது. என்ன எழுதுவது?

"என்ர கம்பெனில எந்தக் கொழந்தையும் வேலை செய்யலீன்னு எழுதோணுமுங்க," என்றார் பூங்கொடி.

"எனக்கு அது தெரியாதுங்களே," என்றாள் வித்யா. அழுதுகொண்டுதான் சொன்னாள், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "தெரியாம எழுதினதுதான தப்பு? மறுபடியும் தெரியாததையே எப்படீங்க எழுதறது?"

எனக்கு அந்தப் பெண்ணை அந்த நிமிஷம் மிகவும் பிடித்துப்போயிற்று. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. இப்படி எழுதச் சொன்னேன்: 'ஒரு கம்பெனியைப் பற்றி விசாரிக்காமல் எழுதினேன். அது என் தவறு. படத்தை நீக்கிவிட்டேன். இதை எடுத்துப் போட்டவர்கள் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். படத்தில் இருப்பது ஒரு குழந்தை.' அவ்வளவுதான். எங்கெங்கே அந்தப் படம் பரவியதோ அங்கெல்லாம் அவளே தேடிப்போய் எழுதி எடுக்கவைக்க வேண்டும் என்பதையும் ஒத்துக்கொண்டாள். ஆட்கள் திரும்பியதும் எந்த நாளிலும், சொல்லாமல் கொள்ளாமல், மேனேஜரும் அவளும் கம்பெனிக்குள் வரலாம் என்று பூங்கொடி சொல்ல வேண்டும்.

"வரட்டுமுங்க. ஒளிச்சு வெக்க எங்கிட்ட என்ன இருக்குது?" என்றார் பூங்கொடி. கண் வித்யா மேல்தான். "நீயும் வா கண்ணு. வந்து பாத்துப்போட்டு, அப்பறமா எழுது." அன்று காலையில் ஜெயிலில் போடச் சொன்ன ஆளை எப்போது 'கண்ணு' ஆக்கினாரோ, எனக்குத் தெரியாது.

மேனேஜர் எழுந்தார். "மேடம், எனக்கு இது புரிகிறது. ஆனால் இதை நான் அங்கே புரியவைக்க முடியாது. ஆட்கள் வரும்வரை அவர்கள் காத்திருக்கமாட்டார்கள்," என்றார். அவர் சொன்னதுதான் நடந்தது. அந்த ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விட்டது. உங்களிடம் எதையும் மறைக்கக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். நான் அந்தக் காகிதத்தைக் கிழித்திருக்காவிட்டால் பூங்கொடிக்கு அந்த ஆர்டர் திரும்பக் கிடைத்திருக்கும். அதன் சுமையைச் சுமந்தது நான் இல்லை, அவர். இன்னொரு தடவை அதே நாள் வந்தாலும் கிழிக்கத்தான் செய்வேன்.

எல்லோரும் கலைந்தோம். வித்யா பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். பூங்கொடி படியில் இறங்கினார், அருள்ராஜ் அவருக்கு வழிவிட்டு ஓரமாக நின்றார். அவரைத் திட்டப்போகிறார் என்று நினைத்து நான் பின்னாலேயே இறங்கினேன். பூங்கொடி கடைசிப் படியில் நின்று திரும்பினார்.

"உங்க ஊடு எங்கீங்க?"

அருள்ராஜுக்குப் புரியவில்லை. "என்னத்துக்கும்மா?"

"போலாமுங்க. வண்டியில ஏறுங்க. வக்கீலம்மா, நீங்களும் வாங்க."

முதலிபாளையத்தில் வரிசையாக ஒற்றை அறை வீடுகள். பாதிக்கு மேல் பூட்டிக்கிடந்தன. அருள்ராஜின் மனைவி நாற்காலி தேடி அங்குமிங்கும் ஓடினாள். குழந்தை கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். ரிப்பன் இல்லை, கவுன் இல்லை; படத்தில் இருந்ததைவிட இன்னும் சின்னவளாகத் தெரிந்தாள்.

பூங்கொடி நாற்காலியில் உட்காரவில்லை. பட்டுப்புடவையோடு அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார், குழந்தையின் முகத்துக்கு நேராக.

"கண்ணு, நாந்தான் அந்தக் கம்பெனி மொதலாளி. தெரியுமல்லோ?"

குழந்தை தலையை ஆட்டினாள்.

"எங்க கம்பெனில யாரு வேலை செய்யறாங்க, யாரு செய்யலீன்னு எனக்குத் தெரியாம இருக்குமா?"

குழந்தை யோசித்தாள். "தெரியும்."

"நீ எங்க கம்பெனில வேலையே செஞ்சதில்ல. ஒரு நாளும் இல்ல. தூக்கத்துலகூட இல்ல. பூஜைக்கு வந்தே, பொரி தின்னே, போயிட்டே. அவ்வளவுதான்."

"நெசமாவா?"

"நெசமாத்தான் கண்ணு."

உலகம் முழுக்கப் படிக்கவேண்டும் என்று அந்த அம்மா காலையிலிருந்து கேட்டு மல்லுக்கு நின்ற அதே வாக்கியம். அதைக் கேட்கவேண்டிய ஆளிடம் இப்போதுதான் போய்ச் சேர்ந்தது. குழந்தை கதவை விட்டு வெளியே வந்தாள். அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி பூங்கொடியைப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம் திரும்பிக் கேட்டாள்.

"அம்மா, என் யூனிபாரம் காஞ்சிருச்சா?"